ஆப்பிரிக்காவைப் பாட்டோடு சேர்த்தே படிக்க வேண்டும்

ஆப்பிரிக்காவின் இசை, சமூகம், வரலாறு ஆகியவற்றைப் பல்கலைக்கழகத்தில் படிப்பது தேவையற்ற வேலை என்ற கருத்து பல உருவங்களில் உலவுகிறது. எழுத்தே இல்லாத இடத்தில் வரலாறு எங்கிருந்து வரும் என்பார்கள் சிலர். அங்குள்ள இசை உடம்பில் ஊறிய தாளம். கேட்டு ஆடலாம், உட்கார்ந்து படிக்க அதில் என்ன இருக்கிறது என்பார்கள் வேறு சிலர். படித்துவிட்டு என்ன வேலைக்குப் போவது என்பது மூன்றாவது கேள்வி. இவற்றைச் சொல்லக் கூசுகிறவர்கள் நான்காவதாக ஒன்றைச் சொல்வார்கள்: அரண்மனை முற்றத்திலும் சாவு வீட்டிலும் வாழ்ந்த கலையை வகுப்பறைக்குள் கொண்டுவந்தால் அது செத்துப்போகும்.

நான்கும் தவறு. நான்குக்கும் அடியில் ஒரே பிழைதான் இருக்கிறது. இசை வேறு, சமூகம் வேறு, வரலாறு வேறு என்று முதலில் பிரித்துக்கொள்கிறார்கள். பிறகு வரலாற்றைப் பார்த்து ஏடு எங்கே என்கிறார்கள். இசையைப் பார்த்து இலக்கணம் எங்கே என்கிறார்கள். சமூகத்தைப் பார்த்துப் பயன் என்ன என்கிறார்கள். ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியில் மக்கள் தங்கள் வம்சாவளியையும் வழக்கையும் வசவையும் முறையீட்டையும் போட்டுவைத்த இடம் பாட்டும் முரசும்தான். அந்த இடத்தைத் திறந்து பார்க்காமல் உள்ளே ஒன்றுமில்லை என்று தீர்ப்புச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

முதல் வாதத்துக்கு வயது இருநூறு. ஜெர்மானியத் தத்துவவாதி ஹெகல் 1820-களில் பெர்லினில் நிகழ்த்திய விரிவுரைகளில், உலக வரலாற்றில் ஆப்பிரிக்காவுக்குப் பங்கில்லை என்றார். எகிப்தைத் தனியே பிரித்து எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவைத்தார். 1963-ல் ஆக்ஸ்ஃபோர்டு வரலாற்றுப் பேராசிரியர் ஹியூ டிரெவர்-ரோப்பர் அதையே திரும்பச் சொன்னார்: ஆப்பிரிக்காவில் ஐரோப்பியர்களின் வரலாறு மட்டுமே உண்டு, மற்றதெல்லாம் இருட்டு, இருட்டைப் பாடமாக்க முடியாது. நம் ஊரில் ‘இருண்ட கண்டம்’ என்ற தொடரைக் கேட்டு வளர்ந்த தலைமுறைகள் உண்டு. பேச்சில் இன்றும் அது அழியவில்லை.

டிரெவர்-ரோப்பர் அப்படிப் பேசிய அதே 1963-ல், கானா பல்கலைக்கழகத்தின் லெகோன் வளாகத்தில் ஆப்பிரிக்க ஆய்வு நிறுவனத்தை அதிபர் குவாமே இன்குருமா முறைப்படி திறந்துவைத்தார். அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே நைஜீரிய வரலாற்றாசிரியர் கென்னத் ஒன்வூக்கா டிக்கே, நைஜர் கழிமுகத்தின் வணிகத்தையும் அரசியலையும் பற்றிய தமது நூலை வெளியிட்டிருந்தார். நைஜீரியாவின் தேசிய ஆவணக் காப்பகம் அவருடைய உழைப்பில் எழுந்தது. பெல்ஜிய அறிஞர் யான் வான்சினா, வாய்மொழி மரபை வரலாற்றுச் சான்றாக எடைபோடும் முறையைப் பற்றி 1961-லேயே தனி நூல் எழுதிவிட்டார். ஆக, அந்தப் பேராசிரியர் இருட்டு என்று சொன்ன நேரத்தில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

எழுத்து இல்லை என்பதும் உண்மையில்லை. எத்தியோப்பியாவில் கீஸ் எழுத்தில் நூற்றாண்டுக் கணக்கில் நூல்கள் எழுதப்பட்டிருக்கின்றன. திம்புக்துவில் பதினேழாம் நூற்றாண்டில் அல்-சாதி என்ற அறிஞர் சோங்காய் பேரரசின் வரலாற்றை அரபியில் எழுதினார். ஹவுசா, ஃபுலானி, சுவாஹிலி மொழிகள் அரபு எழுத்தில் எழுதப்பட்டன. இவற்றைச் சொல்லிவிட்டு இந்த வாதத்தை முடித்துவிடலாம். பலரும் அப்படித்தான் முடிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எழுத்து இருந்தால்தான் மதிப்பு என்ற எதிராளியின் அளவுகோலை நாமே கையில் எடுத்துக்கொள்வதாக அது ஆகிவிடும். எழுதாத மக்களுக்கும் வரலாறு உண்டு. அதைப் படிக்கப் பயிற்சி வேண்டும். பயிற்சி கொடுப்பதுதான் பல்கலைக்கழகத்தின் வேலை.

பயிற்சி இல்லாதவன் கையில் சான்று என்ன பாடுபடும் என்பதற்கு கிரேட் ஜிம்பாப்வே சாட்சி. சாந்து இல்லாமல் கருங்கல்லை அடுக்கிக் கட்டிய அந்த மாநகரம் 11 முதல் 15-ஆம் நூற்றாண்டு வரை செழித்தது. ஆப்பிரிக்கர்கள் இதைக் கட்டியிருக்க முடியாது என்று முடிவு கட்டிக்கொண்டு வந்த வெள்ளையர்கள், ஃபினீசியர் கட்டினார்கள், ஷீபா அரசி கட்டினாள் என்று கதை கட்டினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஹால் என்பவர் இடத்தைச் சுத்தம் செய்வதாகச் சொல்லி, தொல்லியலாளருக்கு உயிரான மண்ணடுக்குகளை அள்ளி எறிந்தார். 1905-ல் ராண்டல்-மெக்ஐவரும் 1929-ல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்ப்சனும் முறையாக அகழ்ந்து, இது ஆப்பிரிக்கர்களின் கட்டுமானமே என்று நிறுவினார்கள். அதற்குப் பிறகும் ரொடீசியாவின் (இன்றைய ஜிம்பாப்வே) வெள்ளையர் அரசு அந்த உண்மையை நூல்களிலும் வழிகாட்டிகளிலும் சொல்லவிடாமல் அழுத்தம் கொடுத்தது. பழஞ்சின்னங்களின் ஆய்வாளராக இருந்த பீட்டர் கார்லேக் 1970-ல் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. வரலாறே இல்லாத நாட்டில் வரலாற்றைக் கண்டு ஓர் அரசு ஏன் இவ்வளவு பயப்பட வேண்டும்?

வாய்மொழி மரபுக்கு எதிராக எதிராளிகளிடம் உள்ள மிக வலுவான சான்றை நானே எடுத்துவைக்கிறேன். வட கானாவின் கோன்ஜா அரசில், அரசை நிறுவிய ஜக்பாவுக்கு ஏழு மகன்கள், ஆளுக்கு ஒரு பிரிவை ஆண்டார்கள் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் எழுதிவைத்தார்கள். அறுபது ஆண்டு கழித்து அதே கதையை மறுபடியும் கேட்டபோது மகன்கள் ஐந்து பேராகியிருந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் இரண்டு பிரிவுகள் மறைந்துவிட்டன. மறைந்த பிரிவுகளோடு இரண்டு மகன்களும் கதையிலிருந்து போய்விட்டார்கள். பார்த்தீர்களா, வாய்ச்சொல்லை நம்ப முடியாது என்பார்கள்.

நம்ப முடியாது என்பது சரி. எந்தச் சான்றையும் அப்படியே நம்பக் கூடாது என்பதுதான் வரலாற்றுக் கல்வியின் முதல் பாடம். கோன்ஜா கதை நமக்குச் சொல்வது இரண்டு. அந்த மக்களுக்கு மகன்களின் கதை நாட்டின் நிலப்பிரிவைச் சொல்லும் ஆவணம். நிலம் மாறியதும் ஆவணத்தைத் திருத்தினார்கள். இரண்டாவது, அந்தத் திருத்தத்தையே வைத்து அரசியல் மாற்றத்தைக் கண்டுபிடிக்க முடிகிறது. வான்சினா காங்கோவின் கூபா மக்களிடம் கேட்ட மரபில் ஒரு சூரிய கிரகணம் வருகிறது; அது 1680-ல் நிகழ்ந்த கிரகணத்தோடு ஒத்துப்பார்க்கப்பட்டது. டேவிட் ஹெனிகி என்ற ஆய்வாளர் 1974-ல் அரச வரிசைப் பட்டியல்கள் எப்படியெல்லாம் நீட்டப்படுகின்றன என்று ஒரு நூலே எழுதி, தம் துறைக்காரர்களையே உலுக்கினார். வான்சினாவும் தம் பழைய முடிவுகளைப் பின்னாளில் திருத்திக்கொண்டார். தன் சான்றைத் தானே இவ்வளவு கடுமையாகக் குறுக்கு விசாரணை செய்யும் துறையைப் பார்த்து, கதை கேட்பவர்கள் என்று ஒதுக்குவது அறியாமை.

எழுத்து மட்டும் உத்தமமா? 2011-ல் பிரிட்டிஷ் அரசு ஓர் உண்மையை ஒப்புக்கொண்டது. 37 முன்னாள் குடியேற்ற நாடுகளிலிருந்து, அவை விடுதலை பெறும் தறுவாயில் அள்ளிவந்த ஏறக்குறைய 8,800 கோப்புகளை ஹான்ஸ்லோப் பார்க் என்ற இடத்தில் இத்தனை காலமும் பொதுக் காப்பகத்துக்குத் தராமல் வைத்திருந்தது. எரிக்கப்பட்ட கோப்புகள் அந்தக் கணக்கில் சேரவே சேராது. அதைவிட முக்கியம், அவை வெளியே வந்த காரணம். கென்யாவில் மாவ் மாவ் கிளர்ச்சிக் காலத்து முகாம்களில் சித்திரவதைப்பட்ட முதியவர்கள் லண்டன் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்திருந்தார்கள். டேவிட் ஆண்டர்சன், கரோலின் எல்கின்ஸ், ஹியூ பென்னட் ஆகிய வரலாற்றாசிரியர்கள் அதில் நிபுணர் சாட்சியம் தந்தார்கள். எல்கின்ஸ் 2005-ல் வெளியிட்ட நூல் பெரிதும் உயிர்தப்பியவர்களின் வாய்மொழியை நம்பி எழுதப்பட்டது என்று அதுவரை சாடப்பட்டிருந்தது. 2013 ஜூனில் பிரிட்டிஷ் அரசு வருத்தம் தெரிவித்து, 5,228 பேருக்காக 199 லட்சம் பவுண்டுக்கு உடன்பட்டது. ஆப்பிரிக்க வரலாற்றைப் படித்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கிறவர்கள் இந்த 5,228 பேரை நினைத்துக்கொண்டு கேட்கட்டும்.

இனி இசைக்கு வருகிறேன். ஆப்பிரிக்க இசை என்றால் தாளம், தாளம் என்றால் இயற்கையாக வருவது, இயற்கையாக வருவதில் கல்வி இல்லை: இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் பொய். கானாவில் பிறந்த இசையியலாளர் கோஃபி அகாவு, ஆப்பிரிக்காவைத் தாளத்தோடு மட்டும் முடிச்சுப்போடும் பழக்கம் பெரிதும் வெளியிலிருந்து எழுதியவர்கள் உண்டாக்கியது என்று 1995-லேயே காட்டினார். தாளத்தையே எடுத்துக்கொண்டாலும் அது எளிதானதில்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் ஏவே மக்களின் முழவு இசையில் ஓர் இரும்பு மணி பன்னிரண்டு சிறு அலகுகளுக்குள் ஏழு அடியை ஒழுங்கற்ற இடைவெளிகளில் விடாமல் அடித்துக்கொண்டிருக்கும். மற்ற ஒவ்வொரு வாத்தியமும் தன் இடத்தை அந்த மணியை வைத்தே கணக்கிட்டுக்கொள்ளும். இதைச் சரியாக எழுதிப் பிடிப்பதற்காக ஆய்வாளர் ஏ. எம். ஜோன்ஸ், டெஸ்மண்ட் டே என்ற ஏவே முழவுக் கலைஞரை லண்டனில் உட்காரவைத்து, தட்டினால் ஓடும் காகிதத்தில் கோடு விழுகிற கருவியை அமைத்தார். 1959-ல் வெளிவந்த அந்த ஆய்வு இன்றும் விவாதிக்கப்படுகிறது.

உகாண்டாவின் புகாண்டா அரசில் அமடிண்டா என்ற பன்னிரண்டு பலகை சைலஃபோன் இருக்கிறது. எதிரெதிரே உட்கார்ந்த இருவர், ஒருவர் அடிக்கும் இடைவெளியில் மற்றவர் விழும்படி சம வேகத்தில் வாசிப்பார்கள். மூன்றாமவர் மேலே உள்ள இரண்டு பலகைகளில் சில சுரங்களை மட்டும் எடுத்துக் கொடுப்பார். கேட்கிறவர் காதில் விழும் மெட்டுகள் மூவரில் யாருமே தனியாக வாசிக்காதவை. அவை இரு கைவரிசைகளும் பின்னுவதில் பிறக்கின்றன. கெர்ஹார்ட் கூபிக் என்ற ஆய்வாளர் இதை விளக்கிக் காட்டியபோது, மனிதக் காது ஒலிகளை எப்படிக் கோத்துக்கொள்கிறது என்ற பொதுவான கேள்விக்கே புது வெளிச்சம் கிடைத்தது. இப்படிப்பட்ட இசைக்கு இலக்கணம் இல்லை என்பவர், இலக்கணம் இல்லாததைக் கண்டவர் அல்லர். அதைக் காணப் பழகாதவர்.

முரசைப் பாருங்கள். கானாவின் அகான் மக்களின் அதும்பான், ஒன்று தாழ்ந்தும் ஒன்று உயர்ந்தும் ஒலிக்கும் இணை முரசு. அகான் தொனிமொழி, ஒரே எழுத்துக்கோவையைக் குரல் ஏற்றிச் சொன்னால் ஒரு பொருள், இறக்கிச் சொன்னால் இன்னொரு பொருள். அந்த ஏற்ற இறக்கத்தை இரண்டு முரசும் அப்படியே எடுத்து ஒலிக்கின்றன. ஒரே தொனி அமைப்பில் பல சொற்கள் வருமே, குழப்பம் வராதா என்று கேட்கலாம். காங்கோவில் வாழ்ந்த ஜான் காரிங்டன் 1949-ல் இதற்கு விடை சொன்னார்: முரசறைபவர் தனிச்சொல்லை அனுப்புவதில்லை, அதற்கென்று வழங்கிவரும் நீண்ட அடைமொழித் தொடரை அனுப்புகிறார், தொடர் நீள நீள வேறு பொருளுக்கு இடம் சுருங்கிவிடுகிறது. செய்தித் தொடர்பில் பிழை தவிர்ப்பதற்காகப் பொறியாளர்கள் செய்யும் அதே வேலை இது. அரசவையில் அந்த முரசு ஒலிப்பது முன்னாள் அரசர்களின் பெயர்கள், அவர்களின் போர்கள், குலம் புறப்பட்டு வந்த இடம். மொழியியல் தெரியாதவருக்கு அது வெறும் ஓசை. வரலாறு தெரியாதவருக்கு வெறும் பெயர்ப் பட்டியல்.

அதனால்தான் கானாவின் இசையியலாளர் க்வாபெனா இன்கெட்டியாவின் வாழ்க்கை எனக்கு ஒரு முறையியல் பாடமாகப் படுகிறது. 1921-ல் அசாந்தி மாம்போங்கில் பிறந்த அவர் லண்டனில் மொழியியலும் இசையும் படித்தார். 1952-ல் அவரைக் கோல்ட் கோஸ்ட் (இன்றைய கானா) பல்கலைக்கழகக் கல்லூரிக்கு அழைத்தவர், சமூகவியல் துறைத் தலைவராக இருந்த கோஃபி பூசியா. இசை ஆராய வந்தவருக்கு முதல் நாற்காலி சமூகவியல் துறையில் போடப்பட்டது. 1955-ல் அவர் வெளியிட்ட நூல் அகான் மக்களின் ஒப்பாரிகளைப் பற்றியது. ஒப்பாரியில் பெண்கள் இறந்தவரை மட்டும் பாடுவதில்லை. அவருடைய முன்னோரை, குலத்தை, குலம் வாழ்ந்த ஊர்களைப் பெயர் சொல்லிப் பாடுகிறார்கள் என்று அதில் வகுத்துக் காட்டினார். ஒப்பாரி சொல்லும் வழக்கத்தை அறிந்த தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு பாட்டி மாரடித்து அழும்போது ஒரு குலத்தின் இடப்பெயர்வு வரலாறு அவள் வாயிலிருந்து வருகிறது. அதை இசைத் துறை தனியாகவும் வரலாற்றுத் துறை தனியாகவும் எடுத்தால் இரண்டு துறைக்கும் பாதிதான் கிடைக்கும்.

மொசாம்பிக்கில் கிடைத்த சான்று இன்னும் கூர்மையானது. ஜாம்பேசி ஆற்றின் கீழ்ப்பகுதியில் கரும்புத் தோட்டங்களை நிறுவிய பாய்வா ரப்போசோ என்ற போர்த்துக்கீசியரின் பெயரைச் சொல்லித் திட்டும் ஒரு வேலைப்பாட்டு, அவர் போன பிறகும் பல பதிற்றாண்டுகள் அந்த வட்டாரத்தில் பாடப்பட்டது. லெரோய் வெயில், லாண்டெக் வைட் என்ற இரு ஆய்வாளர்கள் 1970-களில் அதன் பல வடிவங்களைச் சேகரித்தார்கள். கட்டாய உழைப்பு, கூலி, அடி, அவமானம் எல்லாம் அந்தப் பாட்டில் இருந்தன. நேரில் சொன்னால் சவுக்கடி விழும் சொற்களைப் பாட்டாகப் பாடலாம் என்ற வழக்கு அந்தச் சமூகத்தில் இருந்ததை அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். கம்பெனிக் கணக்கேட்டில் அந்த உழைப்பாளி ஓர் எண். பாட்டில்தான் அவனுக்கு வாய் இருந்தது. கணக்கேட்டை மட்டும் வரலாறு என்று எடுத்துக்கொண்டால் நாம் கம்பெனியின் பக்கம் உட்கார்ந்துவிடுகிறோம்.

பாட்டின் பலத்தை ஆட்சியாளர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். கென்யாவில் 1929-30-ல் கிக்கூயு மக்களிடையே முத்திரிகு என்ற ஆடற்பாட்டு பரவியது. மதபோதகர்களையும் அரசாங்கத்தையும் அவர்களுக்கு ஒத்துப்போன தலைவர்களையும் அது பேர் சொல்லித் தாக்கியது. குடியேற்ற அரசு அதைத் தடை செய்தது. ஒரு பாட்டைத் தடை செய்யும் அரசாங்கம் அதை அரசியல் ஆவணமாக ஏற்றுக்கொண்டது என்றுதான் பொருள். பல்கலைக்கழகம் மட்டும் இன்னும் அதைப் பொழுதுபோக்கு என்று எண்ணிக்கொண்டிருந்தால் அது போலீஸ்காரரைவிடக் குறைவாகப் புரிந்துகொண்டிருக்கிறது.

மூன்றாவது வாதம், வேலை. இது வெறும் பேச்சோடு நிற்பதில்லை, துறைகளை மூடவைக்கிறது. இங்கிலாந்தின் சிச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஹக்கிம் அடி தொடங்கிய ஆப்பிரிக்க வரலாற்று முதுநிலை ஆய்வுப் படிப்பு 2023-ல் நிறுத்தப்பட்டு, அவர் வேலையும் இழந்தார். அவருடைய நூல் அந்த ஆண்டின் உல்ஃப்சன் வரலாற்றுப் பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இருந்தது. ஆப்பிரிக்காவுக்குள்ளேயே 1980-களில் இதைவிடப் பெரிய அடி விழுந்தது. தொடக்கக் கல்விதான் அதிக ஆதாயம் தரும், உயர்கல்விக்கு அரசு செலவைக் குறைக்க வேண்டும் என்று உலக வங்கி வற்புறுத்தியது. கடனில் மூழ்கியிருந்த அரசுகள் பணிந்தன. நூலகங்களில் புது நூல்கள் வருவது நின்றது. ஆசிரியர்கள் வெளிநாடு போனார்கள். தொடக்கப் பள்ளிக்குப் பாடநூல் எழுதுவது யார், அதில் எந்த வரலாற்றை எழுதுவது என்ற கேள்விக்கு ஆதாயக் கணக்கில் கட்டம் இல்லை.

அந்த அறிவு இல்லாதபோது உயிரே போகும் என்பதற்கு 2014-ன் எபோலா சான்று. மேற்கு ஆப்பிரிக்காவில் இறந்தவர் உடலிலிருந்து நோய் பரவியது உண்மை. ஆனால் கவசம் அணிந்த குழு வந்து உடலைப் பையில் போட்டு எடுத்துப்போனபோது, முறையாக அடக்கம் செய்யப்படாதவரின் நிலை என்னாகும் என்று அஞ்சிய குடும்பங்கள் நோயாளிகளை ஒளித்துவைத்தன. சாவுச் சடங்கின் பொருளை அறிந்த மானிடவியலாளர்களும் உள்ளூர்ப் பெரியவர்களும் பேசியதன் பயனாக, குடும்பத்தாரும் மதகுருவும் பாதுகாப்பாகப் பங்கெடுக்கும்படி, கண்ணியமான அடக்கம் என்ற நெறிமுறையை உலக சுகாதார நிறுவனம் அந்த நவம்பரில் வெளியிட்டது. வைரஸைப் பற்றிய அறிவு முன்பே இருந்தது. மக்களைப் பற்றிய அறிவு தாமதமாக அழைக்கப்பட்டது. அந்தத் தாமதத்துக்கு விலை உண்டு.

நமக்கும் இதில் நேரடிப் பங்கு இருக்கிறது. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் சேர்ந்தது. 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனார்கள்; தமிழ் பேசுவோர் அதில் பெரும் பங்கினர். அவர்கள் ஏன் தேவைப்பட்டார்கள்? கரும்புத் தோட்டத்துக்கு அக்கம்பக்கத்திலேயே ஆள் இல்லையா? சூலு மக்களிடம் அப்போது சொந்த நிலமும் மாடும் இருந்தன; தோட்டக்காரன் நீட்டிய கூலிக்கும் நிபந்தனைக்கும் அவர்கள் பெரிதாக இணங்கவில்லை. அதனால்தான் கடல் கடந்து ஆள் பிடித்தார்கள். சூலு சமூகத்தின் வரலாற்றைப் படிக்காதவருக்குத் தன் பாட்டன் கப்பலேறிய காரணமே தெரியாமல் போகும்.

நான்காவது வாதத்தை நான் மதிக்கிறேன். கலையின் மேல் உள்ள அன்பிலிருந்து வருவதால். வகுப்பறை கலையைக் கொல்லும் என்கிறார்கள். மோசமான வகுப்பறை கொல்லத்தான் செய்யும். ஆனால் ஆப்பிரிக்க இசையைக் கொன்றவை பெரும்பாலும் வேறு. 1966-ல் உகாண்டாவை ஆண்ட மில்டன் ஒபோட்டேயின் படை புகாண்டா அரசரின் மெங்கோ அரண்மனையைத் தாக்கியது. அரசர் நாட்டைவிட்டு ஓடினார். மறு ஆண்டு அரசுகளே ஒழிக்கப்பட்டன. சுருதி சேர்த்த முரசுகளான எண்டெங்கா உட்பட அரண்மனைக் குழுக்கள் சிதறின. தலைமுறை தலைமுறையாக ஊர் ஊராக முறைவைத்து அரசருக்கு வாசிக்க வந்த வாத்தியக்காரர்களுக்கு வாசிக்க இடமில்லாமல் போனது. மரத்தடி மரபு தானாகவே பிழைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை துப்பாக்கியின் முன்னால் நிற்கவில்லை.

அப்போது மிஞ்சியவை என்ன? ஜோசப் கியாகம்பிடுவா 1955-ல் எழுத்தில் பதிந்த அமடிண்டா பாடல்கள், ஆய்வாளர்கள் கிளாஸ் வாக்ஸ்மனும் ஹியூ டிரேசியும் 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எடுத்த ஒலிப்பதிவுகள், கூபிக்கின் குறிப்புகள், உயிரோடிருந்த சில கலைஞர்களின் நினைவு. வாக்ஸ்மனின் பதிவுகள் பிரிட்டனிலிருந்து படியெடுக்கப்பட்டு இன்று மக்கரேரே பல்கலைக்கழகத்தின் காப்பகத்தில் இருக்கின்றன. பக்கத்து பூசோகா அரசின் பிக்வாலா என்ற சுரைக்காய் ஊதுகுழல் இசையை, விரல்விட்டு எண்ணும் அளவுக்கு மூத்த கலைஞர்களே மிஞ்சிய நிலையில், 2012-ல் அவசரப் பாதுகாப்பு தேவைப்படும் மரபுகளின் பட்டியலில் யுனெஸ்கோ சேர்த்தது. அந்த மூத்தவர்களை இளைஞர்களோடு உட்காரவைத்துக் கற்பிக்கும் முயற்சியில் உகாண்டாவின் பல்கலைக்கழக ஆசிரியர்கள் முன்னால் நிற்கிறார்கள்.

நல்ல வகுப்பறை எப்படி இருக்கும் என்பதை லெகோன் 1960-களிலேயே காட்டியது. வட கானாவிலிருந்து வந்த கக்ராபா லோபி, கில் என்ற சைலஃபோனின் பெரிய கலைஞர். பதினான்கு பலகைக்கும் கீழே சுரைக்குடுக்கைகள். குடுக்கையில் போட்ட துளைகளின் மேல் சிலந்திக்கூட்டின் மெல்லிய சவ்வு ஒட்டியிருக்கும். ஒவ்வொரு சுரமும் ஒரு ரீங்காரத்தோடு எழும். வெளியார் காது குறை என்று நினைக்கும் அந்த ரீங்காரம்தான் கருவியின் உயிர். லெகோன் நிறுவனம் அவரை மேடைக்கு மட்டும் அழைத்து அனுப்பிவிடவில்லை, ஆசிரியராகவே நியமித்துக்கொண்டது. இன்றும் கானா பல்கலைக்கழகத்தில் எந்தத் துறை மாணவரும் ஆப்பிரிக்க ஆய்வில் ஒரு பாடமாவது படித்தாக வேண்டும். மருத்துவராகப் போகிறவரும் கணக்கராகப் போகிறவரும் அதில் சேர்த்தி.

பல்கலைக்கழகங்கள் செய்த தவறுகளை மறைக்க நான் வரவில்லை. ஒலிப்பதிவுகள் கடல்கடந்து போயின. பாடியவர் பெயர் உறைமேல் வரவில்லை, பதிவு செய்தவர் பெயர் வந்தது. கிழவர்களிடம் கேட்டு எழுதிப் பட்டம் வாங்கியவர்கள் அந்த ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. இவை திருத்தப்பட வேண்டிய தவறுகள். இவற்றைச் சொல்லித் துறையை மூடுகிறவர் தவறைத் திருத்தவில்லை. திருத்தக்கூடிய ஒரே இடத்தைப் பூட்டுகிறார்.

ஆகவே என் கோரிக்கை, இந்தப் படிப்பைச் சலுகையாகத் தொங்கவிடாமல் முழுமையாக நடத்துங்கள் என்பது. ஆப்பிரிக்காவைப் படிக்க வரும் மாணவர் முதல் ஆண்டே ஓர் ஆப்பிரிக்க மொழியைக் கற்கத் தொடங்க வேண்டும். தொனி காதில் விழாதவருக்கு முரசும் கேட்காது, முதியவரின் பேச்சும் கேட்காது. ஒரு கருவியையோ பாட்டு மரபையோ அதன் கலைஞரிடம், மற்ற ஆசிரியர்களுக்குச் சமமான சம்பளமும் பதவியும் பெற்ற கலைஞரிடம், கைப்படக் கற்க வேண்டும். காப்பகத்தில் கோப்பைப் படிப்பதற்கும் ஊரில் உட்கார்ந்து கேட்பதற்கும் ஒரே அளவு கடுமையான பயிற்சி தர வேண்டும். சேகரித்த ஒவ்வொரு பாட்டின் படியும் பாடியவர் பெயரோடு பாடிய ஊருக்குத் திரும்பிப் போக வேண்டும். இசைக்கு ஒரு துறை, வரலாற்றுக்கு ஒரு துறை, சமூகத்துக்கு ஒரு துறை என்று மாணவரைத் துண்டுபோடாமல், மூன்றிலும் ஒரே கேள்வியைத் துரத்தவிட வேண்டும்.

இதற்குச் செலவாகும். எந்த நல்ல படிப்புக்கும் செலவாகும். இந்தச் செலவு வேண்டாம் என்று முடிவெடுக்கும் நிர்வாகி பணத்தை மிச்சம் பிடிக்கிறார் என்று யாரும் ஏமாற வேண்டாம். ஒரு கண்டம் தன்னைப் பற்றித் தானே சொல்லிவைத்திருப்பதை இனி யாரும் கேட்க வேண்டாம் என்று அவர் முடிவு செய்கிறார். அந்த முடிவை எடுக்கும் அதிகாரத்தை ஹெகலுக்கும் கொடுத்திருக்கக் கூடாது, இவருக்கும் கொடுக்கக் கூடாது.